மூன்றாவது வரிசை

முப்பது பீர் போத்தலுக்கு முப்பது கரண்டி என்று அளந்து வைத்த சீனி, டின் காலி, போத்தல் எல்லாம் மூடியாயிற்று, கணக்கு சரி. சரியாக வந்ததுதான் வைரக்கண்ணுவை உறுத்தியது. ஒரு கரண்டி மிஞ்சியிருந்தால் ஒரு போத்தலை விட்டுவிட்டோம் என்று தெரிந்திருக்கும். ஒரு கரண்டி குறைந்திருந்தால் ஒன்றில் இரண்டு முறை போட்டுவிட்டோம் என்று தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை. அப்படியென்றால் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும், அல்லது ஒரு போத்தலில் இரண்டு கரண்டி விழுந்து இன்னொன்றில் ஒன்றுமே விழாமல் போயிருக்க வேண்டும், இந்த இரண்டில் எது என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. சம்பந்தி பக்கிரிசாமி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தோசையா, பரோட்டாவா?" என்று கேட்டபோது இவர் "ம்" என்றார். "ம்முன்னு ஒரு பலகாரம் அந்தக் கடையில போடுறதில்ல சம்பந்தி. சரி விடுங்க, நானே பாத்து வாங்கியாறேன்," என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. காலை மணி பத்து பன்னிரண்டு. ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கி, இரண்டு அடுக்குமாடி புளோக்கு தாண்டிக் காப்பிக்கடைக்கு நடந்து, வரிசையில் நின்று வாங்கித் திரும்பி வர ஒரு மனிதனுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும், பக்கிரிசாமியின் முழங்காலுக்கு இருபத்தெட்டு. இவர் மனைவி லோகாம்பாள் சமூக மன்றத்தில் உடற்பயிற்சி வகுப்பு முடிந்து பதினொன்றரைக்குத்தான் வருவாள். ஆக இருபத்தெட்டு நிமிடம் இந்தச் சமையலறை இவருக்கு மட்டும். அதற்குள் முடிவு செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று போத்தல். இன்னொன்று, சரி, இன்னொன்று அப்புறம், முதலில் போத்தல்.

முதலிலிருந்து வருவோம் என்று அவர் ஈரத்துணியைப் பிழிந்து தரையைத் துடைத்துக்கொண்டே நினைத்தார், கை வேலை செய்தால்தான் அவருக்குப் புத்தி ஓடும். தரையில் பழைய செய்தித்தாள் விரித்து ஆறு ஆறாக ஐந்து வரிசை. எல்லாம் பழுப்புக் கண்ணாடி, கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி, கவிழ்த்து வடிய வைத்தது. வாளியில் பதினான்கு நாள் பொங்கி அடங்கிய பீரில் நுரை இருக்காது. போத்தலுக்குள் போகிற இந்த அரைத் தேக்கரண்டிச் சீனியைத்தான் அடியில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் தின்று காற்று விடும், மூடி இறுகியிருப்பதால் அந்தக் காற்று பீரோடு சேர்ந்துகொள்ளும், திறந்தால் நுரைக்கும். சீனி இல்லாத போத்தல் செத்த தண்ணீர், அது போகட்டும், சிங்கில் ஊற்றிவிடலாம். இரட்டைச் சீனி போன போத்தல் அப்படியில்லை, இந்த ஊர்ச் சூட்டுக்குப் பத்து நாளில் கண்ணாடி தாங்காது. அதனால்தான் ஒவ்வொரு கரண்டியையும் ஐஸ்கிரீம் குச்சியால் மட்டம் தட்டிப் போடுகிறார். பக்கிரிசாமி குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் சொல்வார், "சம்பந்தி, அது சீனி. தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுக்கிறீங்க." இன்றும் சொன்னார், முதல் வரிசையில் சொன்னார், நான்காவது போத்தலில். முதல் வரிசை ஆறு, சந்தேகமில்லை. இரண்டாவது வரிசை பன்னிரண்டு வரை, அதிலும் சந்தேகமில்லை, ஒன்பதாவதில் ஒரு குயில் கத்தியதுகூட நினைவிருக்கிறது. புனல்தான் அடையாளம், சீனி போட்ட போத்தலிலிருந்து புனலை எடுத்து அடுத்ததில் வைத்த பிறகுதான் கரண்டியை டின்னுக்குள் விடுவார், அதனால் கை எங்கே நிற்கிறதென்று புனலே சொல்லும். மூன்றாவது வரிசையில் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. பதினாறில் புனலின் வாயில் ஈரம் பட்டுச் சீனி கட்டிக்கொண்டது. புனலை எடுத்து மடியில் வைத்துத் துணியால் துடைத்தார். கட்டிக்கொண்ட சீனி உள்ளே விழுந்த பிறகு எடுத்தாரா, விழாமலே எடுத்தாரா? இந்த இடத்தில்தான் பக்கிரிசாமி குனிந்து மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு போத்தலைக் கையில் எடுத்து, வெற்றிலையைத் துடைப்பது போலத் துடைத்து, உருட்டிக்கொண்டே சொன்னார். "அடுத்த மாசத்தோட வீட்ட விட்டுரலாம்னு இருக்கேன் சம்பந்தி. தைப்பிங் ஊர்ல தங்கச்சி கூப்புட்டுக்கிட்டே இருக்கா. தோட்டம் இருக்கு, ரூம் இருக்கு. யீஷூன் வீட்டுல நான் ஒத்த ஆளா செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறதுக்கு அங்க போயிக் கெடக்கலாம்." அப்புறம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். வைரக்கண்ணு தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்தார். அதன் மேல் வட்டத் தகட்டில் பத்தொன்பது துளை. "ம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். போத்தல் திரும்ப வரிசைக்குள் போன சத்தம் கேட்டது, எடுத்த இடத்துக்கே போனதா, பக்கத்து இடத்துக்குப் போனதா, பார்க்கவில்லை, ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புனலை எடுத்து ஒரு போத்தலில் வைத்தார். எந்தப் போத்தலில்? கைக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாது.

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக இவ்வளவு நேரம் யோசித்தும் ஓர் எண் வரவில்லை. வயதாகிவிட்டது என்று வேறொருவர் பயந்திருப்பார். வைரக்கண்ணுவுக்கு அந்தப் பயம் வரவில்லை. நேற்று மாலை வாளி மூடியில் காற்று வெளியேறும் வளைகுழாயில் குமிழி நிமிடத்துக்கு ஒன்றுகூட இல்லை, போன வெள்ளி இரண்டு, அதற்கு முந்தின வெள்ளி இருபத்தெட்டு, எல்லாம் அப்படியே நிற்கிறது. வாளியைச் சுற்றித் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடும் ஐஸ் போத்தல் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, பதினான்கு நாளுக்கு ஐம்பத்தாறு, ஒன்றைக்கூட மறக்கவில்லை. மூளை சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் அது வேறு எங்கோ போயிருந்தது. மற்றபடி இந்த வேலையில் தன்னை மிஞ்ச இந்த புளோக்கில் ஆளில்லை என்று அவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார், ஆனால் தெரியும். மகன் இளமாறன் இவர் ஓய்வுபெற்ற வருஷம் பிறந்தநாளுக்கு வீட்டில் பீர் காய்ச்சும் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தான், வாளி, குழாய், மால்ட் பாகு ஒரு டின், கசப்புக்கு ஹாப்ஸ் பூ ஒரு பொட்டலம், ஈஸ்ட் ஒரு பொட்டலம், வீட்டுக்கு மட்டும், விற்கக் கூடாது. "ஜாலியா செய்யுங்கப்பா," என்றான். எட்டு மாதம் அது சாமான் அறையில் கிடந்தது. இவர் படிப்பு ஆறாம் வகுப்பு, செய்முறைத் தாளோ ஆங்கிலத்தில் நான்கு பக்கம். ஒரு நாள் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், பதினோரு நாளில் நான்கு பக்கத்தையும் தமிழில் எழுதி முடித்தார். முதல் வாளி புளித்தது. இரண்டாவது வாளி சோப்பு நாறியது. மூன்றாவதைக் குடிக்க முடிந்தது. நான்காவதில் ஒரு போத்தல் சாமான் அறையில் மத்தியானம் மூன்று மணிக்கு வெடித்தது, அரிசி டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைக் கண்ணாடி துளைத்துக்கொண்டு போயிருந்தது, அப்போதெல்லாம் மட்டம் தட்டத் தெரியாது, குவியலாகப் போட்ட கரண்டி. லோகாம்பாள் விளக்குமாற்றோடு ஓடி வந்து பார்த்தால் இவர் குந்தி உட்கார்ந்து சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், முப்பத்தேழு, முப்பத்தெட்டு. "வீடே குண்டு வெடிச்ச மாதிரி கெடக்கு, மனுசன் எண்ணிக்கிட்டு இருக்காரு பாரு!" என்று அவள் கத்தினாள். எண்ணித்தான் ஆகவேண்டும், எல்லாச் சில்லும் கிடைத்துவிட்டதென்று வேறு எப்படித் தெரியும், ஒட்டி வைத்துப் பார்த்தால் கழுத்துப் பக்கம் ஒரு சில்லு குறைந்தது, அதைத் தேடி எடுத்தார், நாற்பத்து மூன்று. அப்போது பேத்தி தாரிணி பிறக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம், நடக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் சாமான் அறைக் கதவைத்தான் தட்டுகிறாள், இவருக்கும் பக்கிரிசாமிக்கும் பொதுவான ஒரே உடம்பு அவளுடையது, இவர் மகனின் மூக்கு, அவர் மகள் சுகுணாவின் முழி. அவள் உயரத்துக்கு நேரேதான் போத்தல் அடுக்கும் தட்டு. வைரக்கண்ணு துணியைக் கீழே போட்டார். இல்லை, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது வரிசை ஆறையும் தனியே எடுக்க வேண்டும். நல்லவேளை, நிரப்பினாலும் மூடினாலும் வரிசை கலையாமல்தான் வைப்பார், மூடியில் எண் எழுதுவார், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை. ஆறையும் எடுத்து மேசையில் வைத்தார். ஆறும் ஒரே மாதிரி நின்றன. மணி பத்து இருபத்தொன்று.

எண்ணிக்கை விட்டுப்போகாதவன் என்றுதான் துறைமுகத்தில் அவருக்குப் பெயர். டேலி கிளார்க்கு, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைக்குக் கோடு போடுகிற வேலை, நான்கு நேர்கோடு, குறுக்கே ஒன்று, முப்பத்தெட்டு வருஷம். அதை நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம் வரைக்கும். பாங்காக் அரிசி, பதினைந்து பதினைந்து மூட்டையாகக் கயிற்றுத் தொட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது, கயிறு அறுந்தது, கீழே சோமையா நின்றுகொண்டிருந்தான், நாகப்பட்டினத்துக்காரன், நன்றாகப் பாடுவான். எல்லோரும் ஓடினார்கள். மூட்டையைப் புரட்டினார்கள். அவன் இடது காலைப் பார்த்துவிட்டு ஒருவன் வாந்தி எடுத்தான். வைரக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றார், கால் நகரவில்லை, அட்டையும் பென்சிலும் கையில். மேற்பார்வைக்காரன் ஓடி வந்தவன் என்ன கேட்பதென்று தெரியாமலோ என்னவோ, "எத்தனை இறங்கியிருக்கு?" என்று கேட்டான். "நானூத்தி இருபது," என்று இவர் வாய் சொல்லிவிட்டது. சரியான எண்தான். மூட்டைக்கு நடுவே குனிந்திருந்த ஆட்கள் நிமிர்ந்து இவரைப் பார்த்தார்கள், ஏழு பேர். அவர்கள் பார்த்த பார்வையை இன்றைக்கும் எதிர்கொள்ள முடியவில்லை. ஒரு வாரம் யாரும் அவரோடு சாப்பிட உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார், வார்டு வாசல் வரை போனார், உள்ளே சோமையாவின் மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது, எனக்கும் நடுங்கியது, அதனால்தான் எண்ணைப் பிடித்துக்கொண்டேன் என்றா? பன்னிரண்டு கட்டில். ஆரஞ்சை நர்சிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே ஒன்று பொங்கினால் அவருக்கு வாய் மூடிக்கொள்கிறது, மூடின இடத்தில் எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பிறவியிலேயே அப்படி, அம்மா செத்தபோதும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எண் மட்டும்தான் தெரியும். கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவான். பக்கிரிசாமியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கியிருப்பார். பதினேழு வாளி கூட உட்கார்ந்து செய்த மனுஷன், வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னால், இவர் ம் என்கிறார், கரண்டியை மட்டம் தட்டுகிறார்.

பதினேழு வாளி, வாளிக்கு முப்பது, ஐந்நூற்றுப் பத்துப் போத்தல். அதற்கு முன் ஆறு வாளி தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார். ஆறாவதை முடித்த மாதம்தான் பக்கிரிசாமியின் மனைவி ராஜாமணி போனாள். மண்டாய்ச் சுடுகாட்டில் பக்கிரிசாமி தூணைக் கட்டிக்கொண்டு அழுதார், இவர் போய்த் தோளைத் தொட வேண்டும் என்று மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் நாற்காலியை வரிசைப்படுத்தப் போய்விட்டார், அறுபத்து நான்கு நாற்காலி. பதினாறு கழிந்து ஒரு வாரம் பொறுத்து, ஒரு போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு யீஷூனுக்கு பஸ் ஏறினார். ஆறுதல் சொல்லத்தான் போனார். போய் உட்கார்ந்து, போத்தலை மேசையில் வைத்து, "ருசி எங்கயோ இடிக்குது. எங்கன்னு சொல்லுங்க," என்றார். வாயிலிருந்து வந்தது அதுதான். பக்கிரிசாமி முப்பத்தோரு வருஷம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரர், ஓர் அண்டா ரசத்தில் உப்பு ஒரு சிட்டிகை ஏறியிருந்தால் வாசனையிலேயே சொல்வார் என்பார்கள். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அழுது வீங்கின கண்ணை மூடிக்கொண்டு, "வாளி சூட்டுல இருந்திருக்கு. பழுத்து அழுகின வாழப்பழம் வீசுது பாருங்க, அதான். ஐஸு வச்சுப் பாருங்க," என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே வந்துவிட்டார், அழைக்கவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான். லோகாம்பாள் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமா சேந்து என்னதான் பேசிக்குவீங்க? நானும் காது குடுத்துப் பாக்குறேன், நுரைங்கிறீங்க, சூடுங்கிறீங்க, சீனிங்கிறீங்க. சம்பந்திக்காரங்க பேசுற பேச்சா இது?" என்பாள். அதுதான் பேச்சு. பேசாமல் இருப்பதற்கு ஒரு துணை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசத் தெரிந்தவளுக்கு எப்படித் தெரியும். பக்கிரிசாமி முக்காலியில் உட்கார்ந்து நீளக்குழலைப் போத்தலின் அடிவரை விட்டு நிரப்புவார், ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார், கடையில் ஒரு முறை பாயாசத்தில் உப்பு விழுந்தது, ராஜாமணி அவரை முதலில் பார்த்தபோது அடுப்புக்கரி முகமாக இருந்தது, இவர் "ம்" கொட்டிக்கொண்டே மூடி அழுத்துவார், அவருக்கு அந்த "ம்" போதுமென்று நினைத்திருந்தார். இன்று போதவில்லை. இன்று அவர் கேள்வி கேட்டார். என்ன சொல்றீங்க என்று ஒரு மனிதன் கேட்டால், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அல்லவா கேட்கிறான்? அப்படியும் இருக்காது, அது இவருடைய ஆசை. சும்மா கேட்டிருப்பார். தங்கை வீட்டில் தோட்டம் இருக்கிறது. இங்கே இருங்கள் என்று சொல்ல நான் யார், பெண்ணைக் கொடுத்தவர், பெண்ணை எடுத்தவன், அவ்வளவுதானே முறை. எந்த முறையில் சொல்வது? சம்பந்திக்குச் சம்பந்தி போகாதே என்று சொல்கிற முறை எங்காவது உண்டா?

மணி பத்து இருபத்தொன்பது. போத்தலை வைத்து முடிவெடு, அது உனக்குத் தெரிந்த வேலை. ஆறையும் கொட்டிவிடலாம், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, இருபத்து நான்கு மிச்சம், பக்கிரிசாமி தோசையோடு வருவார், சாப்பிட்டுவிட்டுப் போவார், அடுத்த மாதம் தைப்பிங் போவார். சுத்தமான வழி. இன்னொரு வழியும் இருக்கிறது, அது ஐந்து நிமிடமாக மனசின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சீனியை ஈஸ்ட் இன்னும் தின்னவில்லை. இன்றைக்கு அது சீனியாகவே உள்ளே கரைந்து கிடக்கிறது. நாளைக்குப் போய்விடும், இன்றைக்கு இருக்கிறது. ஒரு கரண்டிக்கும் இரண்டு கரண்டிக்கும் வித்தியாசம் நாக்கில் தெரியும். இவருடைய நாக்கில் அல்ல, அது எட்டு வருஷமாக மாத்திரை விழுங்கி மரத்துப்போன நாக்கு. தெரியக்கூடிய நாக்கு ஒன்றுதான், அது இப்போது காப்பிக்கடை வரிசையில் நிற்கிறது. அதைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கும். ஏன் என்று கேட்டால் எண்ணிக்கை விட்டுப்போனதைச் சொல்ல வேண்டும். எப்போது என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்ல அவருக்கு வராது, எண் விஷயத்தில் பொய் அவர் வாயில் நிற்காது. வைரக்கண்ணு இழுப்பறையைத் திறந்து திறப்பானை எடுத்தார். யோசித்துக்கொண்டிருந்தால் பத்து நாற்பது ஆகிவிடும், ஆகிவிட்டால் ம் என்றுதான் வாய் சொல்லும், அந்த வாயை அவருக்கு எழுபத்தொரு வருஷமாகத் தெரியும். டக். பதின்மூன்று. டக். மூடிகள் வளைந்து மேசையில் விழுந்தன, இனி அவை உதவாது. ஆறு மூடியையும் திறந்தாயிற்று. இனி ஒளிக்க இடமில்லை. ஒரு டம்ளர் தண்ணீரும் ஆறு சின்னக் கரண்டியும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் போத்தலுக்கு நேராக வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது. "தோசைதான் வாங்குனேன், பரோட்டாவுக்கு வரிசை தெருவரைக்கும் நிக்கிது," என்று சொல்லிக்கொண்டே வந்த பக்கிரிசாமி மேசையைப் பார்த்து நின்றார். "என்ன சம்பந்தி, நான் அந்தப் பக்கம் போனதும் கச்சேரியா? சம்பந்தியம்மா வரட்டும், சொல்லிக் குடுக்குறேன்."

"குடிக்க இல்ல. நீங்க ருசி பாக்கணும்."

"இன்னிக்கு ஊத்துனத இன்னிக்கேவா? ஒரு வாரம் ஆவ வேணாமா?"

"சீனிக்கு."

"சீனிக்கு என்ன?"

வைரக்கண்ணு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதில் எதையும் எண்ணவில்லை. "எண்ணிக்கை விட்டுப்போச்சு," என்றார்.

"யாருக்கு?"

"எனக்கு."

பக்கிரிசாமி சிரிக்கத் தொடங்கினார், முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. தோசைப் பொட்டலத்தை மெதுவாக மேசையில் வைத்தார். "உங்களுக்கா? எப்ப?"

"நீங்க தைப்பிங் போறேன்னு சொன்னீங்கல்ல. அப்ப."

பக்கிரிசாமி போய்க் கையைக் கழுவினார், வாயைக் கொப்பளித்தார், வந்து உட்கார்ந்து முதல் கரண்டியை எடுத்தார். சமையல்காரர் ருசி பார்க்கிற விதமே வேறு, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, விழுங்காமல் கொஞ்சம் நிறுத்தி. நடுநடுவே தண்ணீர். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறில் இரண்டாவது கரண்டி எடுத்தார், பதினேழு, பதினெட்டு. பிறகு பதினெட்டிலிருந்து பின்னோக்கி ஒரு சுற்று. கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆறும் ஒண்ணுதான்."

"நல்லாப் பாத்தீங்களா? பதினாறு?"

"சம்பந்தி, நூறு பேருக்கு ரசம் வச்ச நாக்கு இது. ஒண்ணுல கூடவும் இல்ல, ஒண்ணுல கொறையவும் இல்ல. நான் எடுத்த போத்தல எடுத்த எடத்துலதான் வச்சிருக்கேன். நீங்க பாக்கல, ஆனா உங்க கை அது பாட்டுக்கு ஒழுங்காப் போட்டிருக்கு. எண்ணிக்கை எங்கயும் போவல."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சாமான் அறைத் தட்டில் தாராளமாக அடுக்கலாம், குழந்தை கதவைத் தட்டட்டும், முப்பதும் நல்ல போத்தல். ஆனால் வைரக்கண்ணுவுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நடுச் சந்தையில் நிற்பது போலிருந்தது. பிழை ஒன்று இருந்திருந்தால் அதைப் பற்றியே மத்தியானம் வரை பேசியிருக்கலாம், எது இரட்டை, எது காலி, எதைக் கொட்டுவது. பிழை இல்லை. சொன்ன வார்த்தை மட்டும் மேசையில் ஆறு திறந்த போத்தலுக்கு நடுவே கிடந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப நான் கேட்டதுக்கு ம்முன்னீங்களே," என்றார் பக்கிரிசாமி. குரலில் கேலி இல்லை.

"அது பதில் இல்ல."

"பின்ன பதில் எது?"

மூடி அழுத்தும் கருவி பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து வேலையைத் தொடங்கியிருக்கலாம். வைரக்கண்ணு எடுக்கவில்லை. "போவாதீங்க," என்றார். சத்தம் சரியாக வரவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னார். "போவாதீங்க சம்பந்தி. அங்க தோட்டம் இருக்கும். இங்க எனக்கு நீங்க வேணும்."

பக்கிரிசாமி தோசைப் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றினார், விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அந்தக் கையில் எண்ணெய்ச் சூடு பட்ட பழைய தழும்புகள். "தங்கச்சிகிட்ட வர்றேன்னு வாய் குடுத்துட்டேனே," என்றார் கடைசியில். "முகத்த எப்படிக் காட்டுறது?"

"போயிப் பாத்துட்டு வாங்க. இருந்துட்டு வாங்க. வீட்ட மட்டும் விட்டுறாதீங்க."

"எத்தன நாளு இருந்துட்டு வர?" தலையை நிமிர்த்தாமலே கேட்டார். கேலி கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. "நீங்கதான் எல்லாத்துக்கும் ஒரு நம்பர் வச்சிருப்பீங்களே. சொல்லுங்க, அதும்படி இருந்துட்டு வர்றேன்."

வைரக்கண்ணு வாயைத் திறந்தார். எண் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, வராதது பெரிதாகவும் படவில்லை.

"அதெல்லாம் தெரியாது," என்றார். "சீக்கிரம் வந்துடுங்க."